என் ஊரை எனக்கே சுற்றிக் காட்டியவர்

அறுபத்திரண்டு வயதில், பிறந்து, வளர்ந்து, வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்ட சேலத்தை ஒரு வழிகாட்டியை வைத்துச் சுற்றிப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஏற்பாடு செய்தவன் என் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு நாள் போன் செய்து, "அம்மா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றான். அவன் அந்த வார்த்தையைச் சொன்னாலே எனக்குப் பயம். போன தடவை அப்படிச் சொல்லிவிட்டு வந்துதான் வீட்டுக்குள் நாலு கேமராவை மாட்டிவிட்டுப் போனான்.

இந்தத் தடவை மின்சார சைக்கிளில் மூன்று மணி நேர நகர் உலா. கூட்டம் கிடையாது. நான் ஒருத்தி, வழிகாட்டி ஒருத்தர், அவ்வளவுதான். ஊர்க்காரர் போலவே ஊரை உணரலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களாம்.

"நான் ஊர்க்காரிதானேடா."

"அதுக்கில்லம்மா" என்றான். எதற்கென்று எனக்கும் தெரியும்.

விஷயம் சாவி. ஐந்து மாதத்துக்கு முன்னால் அயோத்தியாப்பட்டணம் போகும் ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்தேன். முட்டியில் ஆறு தையல், கையில் மாவுக்கட்டு. மகன் வந்தான், பார்த்தான், திட்டினான், திரும்பிப் போகும்போது வண்டிச் சாவி இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வண்டி சேலத்தில், சாவி பெங்களூரில். தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது அந்த ஸ்கூட்டரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முப்பது வருஷம் வண்டி ஓட்டியவள் நான். தொலைபேசி நிலையத்தில் இரவு பகல் என்று மாறி மாறி வேலை பார்த்தபோது எந்த ஆண்பிள்ளையையும் கொண்டுவந்து விடச் சொன்னதில்லை. இப்போது நாலு தக்காளி வாங்க ஆட்டோ. பேங்குக்கு ஆட்டோ. அம்மாபேட்டையில் இருக்கும் தங்கையைப் பார்க்க வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுக்காரர் எப்போது அந்தப் பக்கம் போகிறார் என்று காம்பவுண்டு ஓரம் நின்று பல்லைக் காட்டிக் கேட்க வேண்டும். கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத ஜென்மம் நான். சாவி வராவிட்டால் இனி சாகும்வரை இப்படித்தான் என்று நினைத்தபோது, உண்மையாகவே பயமாக இருந்தது.

மகன் நிபந்தனை போட்டான். "மூணு மணி நேரம் ஓட்டு. கூட வர்றவங்க, அம்மா தாராளமா ஓட்டலாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மறுநாளே சாவியைக் கொரியர்ல அனுப்பறேன்."

"பெத்தவளையே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்றியா?"

"ஆமா" என்றான். வெட்கமே இல்லை.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸ்டேடியம் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். வழிகாட்டிக்கு நாற்பது வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோட்டு, கழுத்தில் விசில். ஏற்காடு போகிற பெங்களூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் அவர் தொழில். ஊர்க்காரி ஒருத்தி வந்தது இதுவே முதல் தடவையாம்.

"வாங்கம்மா, தண்ணி கிண்ணி குடிக்கிறீங்களா? பயப்படாதீங்க, நீங்க மிதிச்சாப் போதுமுங்க, மிச்சத்தை அதுவே இழுத்துக்கும்."

திருச்செங்கோட்டுப் பக்கம் என்று முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு படிவத்தை நீட்டினார். ரத்த வகை, சர்க்கரை உண்டா, இதய நோய் உண்டா, ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்கிற படிவமா, ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்குகிற படிவமா என்று கேட்டேன். சிரித்தார். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கும் ஒரு ஹெல்மெட்டையும் ஆரஞ்சுக் கோட்டையும் மாட்டிவிட்டு, ஸ்டேடியத்தைச் சுற்றி இரண்டு வட்டம் ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். மிதித்த மாத்திரத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவது போல வண்டி போனது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது வட்டம் முடிந்ததும் அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடி போங்கம்மா, நான் பின்னாடியே வாரேன்" என்றார்.

"வழிகாட்டின்னா முன்னாடி போறதுதானே?"

"உங்க ஊருதானுங்களே. உங்களுக்குத் தெரியாத வழியா?"

நியாயமான பேச்சு என்று முன்னால் போனேன். அவர் எனக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கமாக ஒட்டிக்கொண்டே வந்தார். நான் வேகம் பிடித்தால் பிடித்தார், குறைத்தால் குறைத்தார். மகன் வேவு பார்க்க வைத்த ஆளல்லவா, அப்படித்தான் வருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செரி ரோட்டில் நிறுத்தி, இந்த மரங்களெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தது என்றார். அதில் பாதி மரம் வெட்டினபோது நான் இங்கேதான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன் என்றேன். கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, ஆடி மாசம் இங்கே கால் வைக்க இடம் இருக்காது என்றார். நாற்பது ஆடியாக இங்கே கால் மிதிபட்டவள் நான் என்றேன். திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் நிறுத்தி, ஒரு காலத்தில் இந்த ஆற்றில் முத்து விளைந்ததாகச் சொல்வார்கள் என்றார். இரண்டு பேரும் கீழே எட்டிப் பார்த்தோம். இரண்டு பேரும் முந்தானையாலும் துப்பட்டாவாலும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். முத்தை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தோம்.

பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதுதான் அது நடந்தது. நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "ஓல்டான்" என்று ஒரு குரல். சத்தமாகக்கூட இல்லை. என் கை என்னைக் கேட்காமலே பிரேக்கைப் பிடித்தது. இடது பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மினி டெம்போ மூக்கை நீட்டி, ரோட்டில் ஏறி, புகையை விட்டுவிட்டுப் போனது. பிறகு அதே குரல், "ரைட், போலாம்" என்றது. கால் தானாக மிதித்தது.

லாரிக்காரர் வீட்டுப் பெண் என்று அப்போதே தெரிந்துவிட்டது. லாரியில் டிரைவர் வலது பக்கம் உட்காருவார். இடது பக்கம் என்ன வருகிறது, எது இடிக்கிறது என்று பார்த்துச் சொல்வது கிளீனரின் வேலை. நிற்க வேண்டுமென்றால் ஓல்டான், போகலாமென்றால் ரைட். நாமக்கல் பக்கத்தில் பாதிப் பேர் அம்மா அப்பாவுக்கு அடுத்துக் கற்றுக்கொள்கிற வார்த்தைகள் இவைதான்.

எனக்கும் அது நன்றாகவே பழகியிருந்தது. என் வீட்டுக்காரர் நாமக்கல்காரர். கிளீனராக ஏறி, டிரைவராகி, இரண்டு லாரிக்குச் சொந்தக்காரரானவர். கல்கத்தா வரை ஓட்டிக்கொண்டு போனவருக்கு இரண்டு சக்கர வண்டி என்றால் மட்டும் பயம். "தானா நிக்கத் தெரியாத வண்டி சாமி, அதை எப்படி நம்பறது?" என்பார். லாரிகளை விற்றுவிட்டு வீட்டோடு இருந்த கடைசி எட்டு வருஷமும் என் ஸ்கூட்டரின் பின்னால்தான் உட்கார்ந்து வந்தார். பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் போகிறானே என்று ஐந்து ரோட்டில் நாலு பேர் பார்த்தால், இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் வாய் மூடாது. "லெப்ட்ல ஆட்டோ வாரான். ஓல்டான். இப்ப ரைட், போலாம் சாமி. சைக்கிள் ஒண்ணு ஒட்டி வருது, கொஞ்சம் ஒடிச்சுக்கோ." வீட்டிலிருந்து உழவர் சந்தைக்குப் போவதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிடும். "நான் ஓட்டறது லாரி இல்ல. வாயை மூடிட்டு வாங்க" என்று எத்தனை தடவை நடு ரோட்டில் கத்தியிருப்பேன். இரண்டு நிமிஷம் மூடுவார். அப்புறம் மறுபடியும் ஓல்டான்.

அவர் போய் ஒன்றே கால் வருஷம் ஆகிறது. போன பிறகு வண்டி ஓட்டும்போது காதுக்கு நிம்மதியாக இருக்கிறது என்று தங்கையிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை, அது வேறு கதை.

செவ்வாய்ப்பேட்டைக்குள் நுழைந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் மளிகை மண்டித் தெருவில் மூட்டை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. குட்டியானை வண்டிகள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் ஒரு ஆள் போகிற அகலம்தான். எனக்குத் தெரிந்த மிளகாய் மண்டிக்காரர் கடை வாசலில் நின்றவர், ஹெல்மெட்டும் ஆரஞ்சுக் கோட்டுமாக என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, எலெக்‌ஷன்ல நிக்கறீங்களா?" என்றார்.

"இல்ல, சேலத்தைச் சுத்திப் பாக்க வந்திருக்கேன்."

"எந்த ஊர்ல இருந்து?" என்றார் அவர், முகம் மாறாமல்.

அந்தத் தெருவில் நான் ஓட்டின ஓட்டு இருக்கிறதே, மகன் பார்த்திருக்க வேண்டும். பின்னாலிருந்து, "லெப்ட்ல மூட்டை எடுத்துட்டு வாராரு, ஓல்டான்" என்றால் நின்றேன். "ரைட், ரைட், வரட்டும்" என்றால் போனேன். "கொஞ்சம் ஒடிங்கம்மா, கைவண்டி" என்றால் ஒடித்தேன். ஒருத்தர் மேலும் படவில்லை, ஒரு மூட்டையும் உரசவில்லை. தெருவின் மறுமுனைக்கு வந்ததும் சாவி கைக்கு வந்துவிட்டது போலவே இருந்தது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தருகிற தட்டுவடை செட் கடையில் நிறுத்தினோம். இது சேலத்தின் அடையாளம் என்று அவர் ஆரம்பித்தார். இதில் பீட்ரூட்டை அதிகமாக வைத்துவிட்டுத் தேங்காயைக் குறைத்தது எந்த வருஷம் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அவர் மறுபேச்சு பேசாமல் இரண்டு செட் சாப்பிட்டார்.

வயிறு நிறைந்தால் எனக்குக் கொழுப்பு ஏறும். திரும்புகிற வழியில் சொன்னேன். "இவ்வளவு நேரம் நீங்க என் பின்னாடியே வந்தீங்க. காசு வாங்கின வழிகாட்டி ஒரு தடவையாவது முன்னாடி போக வேண்டாமா?"

"வேண்டாமுங்கம்மா. இப்படியே போயிரலாம்."

"ஏன், நான் கீழ விழுந்துருவேன்னு பயமா?"

அவர் பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பினார். எனக்குச் சுருக்கென்றது. இந்த அம்மாள் போனில் என்ன சொல்லப் போகிறாளோ என்று நினைத்ததும் வீம்பு வந்துவிட்டது. "முன்னாடி போங்க. வாயும் திறக்க வேண்டாம். நான் தனியா ஓட்டிக் காட்டறேன்" என்றேன். அவர் அரை மனசோடு முன்னால் போனார்.

நூறு அடிகூடப் போயிருக்க மாட்டோம். ரோடு காலியாக இருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. எதிரே ஏற்காட்டு மலை தெளிவாகத் தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தேன். அடுத்த நொடி என் முன் சக்கரத்தில் ஏதோ தட்டியது. வண்டி ஆடியது. காலை ஊன்றி நிறுத்தினேன். என் இடது பக்கத்தில் ஒரு பூக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். கூடை கவிழ்ந்து, கட்டின மல்லிகை ரோட்டில் கிடந்தது.

எங்கிருந்து வந்தாள் என்றே தெரியவில்லை. நடந்து வந்தவள். ஓடிவரவில்லை, குறுக்கே பாயவில்லை. பச்சைச் சேலை. கூடையோடு நிதானமாக ரோட்டைக் கடந்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை.

வழிகாட்டி திரும்பி வந்து அவளைத் தூக்கிவிட்டார். நல்லவேளை, அடி எதுவும் படவில்லை. புடவையைத் தட்டிக்கொண்டே பூக்காரி என்னைப் பார்த்து, "கண்ணு தெரியலியாம்மா உனக்கு?" என்றாள். ரோட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். நானே எத்தனையோ ஆட்டோக்காரர்களைக் கேட்டிருக்கிறேன். குனிந்து பூவைப் பொறுக்கினேன். அழுக்காகிப்போன பூவை நானே வாங்கிக்கொண்டேன், அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல.

ரோட்டோரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்தது. நான் கேட்டேன்.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"ஸ்டேடியத்துலயே தானுங்க. ரெண்டாவது ரவுண்டுல நான் உங்களுக்கு இடப்பக்கம் நின்னு கையாட்டினேன். நீங்க பாக்கவே இல்ல. சோத்துக்கைப் பக்கம் வந்து ஆட்டினேன், சிரிச்சீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களுக்குத் தெரியுமின்னு நெனச்சனுங்க. எங்கப்பாவுக்கும் இப்படித்தான். போர் போடற ரிக் வண்டி ஓட்டுனாரு. கடைசி காலத்துல ஒரு பக்கம் மங்கிப்போச்சு, ஒத்துக்கவே மாட்டாரு. நாங்க யாராச்சும் கூட உக்காந்து லெப்ட் சொல்லிக்கிட்டே போவோம். அந்தப் பழக்கமுங்க."

டீ ஆறிப்போனது. ஸ்கூட்டரின் இடது பக்கத்தில் நாலு கீறல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு விழுந்தவை. வீட்டுக் கேட்டின் தூணைக் கொத்தனார் கோணலாகக் கட்டிவிட்டான் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். அதே தூணைத் தாண்டித்தான் அவர் இருந்த எட்டு வருஷமும் ஒரு கீறல் இல்லாமல் போய்வந்தேன். அயோத்தியாப்பட்டணம் ரோட்டில் நான் விழுந்ததும் இடது பக்கம்தான்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் அப்போதைக்கப்போது சொல்லிக்கொண்டிருந்தவர், வருஷம் போகப் போக நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தார். வயசானதால் வாய் நீண்டுவிட்டது என்று நான் நினைத்தேன். என் கண் மங்க மங்க அவர் குரல் கூடியிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே வண்டியை மூலையில் நிறுத்தியிருப்பேன். நிறுத்தக்கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் கத்தினதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து, கிளீனர் வேலை பார்த்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து வழிகாட்டியின் போன் அடித்தது. மகன்தான். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமாங்க, முடிஞ்சுதுங்க. அம்மா நல்லாத்தான் ஓட்டறாங்க. செவ்வாய்ப்பேட்டையிலயே ஓட்டிட்டாங்க, அதுக்கு மேல என்ன வேணுமுங்க? தாராளமா ஓட்டலாமுங்க."

மூன்று மணி நேரமாக எந்த வார்த்தைக்காக மிதித்தேனோ அந்த வார்த்தை. எனக்காக ஒரு பொய் சொன்னார், அதுவும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கையை நீட்டிப் போனை வாங்கினேன்.

"அம்மா, பாஸ்" என்றான் மகன். "நாளைக்கே சாவி அனுப்பறேன்."

"அனுப்பாதே."

"ஏம்மா?"

"எனக்கு இடது பக்கம் சரியாத் தெரியலடா. இப்ப ஒரு பூக்காரி மேல விட்டுட்டேன். அவளுக்கு ஒண்ணும் ஆகல. கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீ லீவு போட்டுட்டு வா."

"எத்தனை நாளா?" என்றான்.

"தெரியல. உங்கப்பாவைத்தான் கேக்கணும்" என்றேன். டீக்கடையில் நாலு பேர் பார்க்க, தலையில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து அழுதேன். வழிகாட்டி என் முதுகில் கை வைத்து, "உடுங்க சாமி, உடுங்க" என்றார்.

அழுது முடித்ததும் அவர், வண்டியை இங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போகலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். "வீடு ரெண்டு கிலோமீட்டர்தான். நீங்க பின்னாடி வாங்க. சொல்லிக்கிட்டே வாங்க."

கிளம்பினோம். மெதுவாகத்தான் போனேன். "லெப்ட்ல பஸ் நிக்குது" என்றார். சரி என்றேன். "ஓல்டான்" என்றார். சரி என்று நின்றேன். "ரைட், போலாம்" என்றார். சரிங்க என்றேன். வீடு வரைக்கும் அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் வாய் விட்டுச் சரி சொன்னேன். எட்டு வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை.